பெயர்களுக்கு முன்னால் புள்ளி

கல்முனையில், போட்டோகொப்பியும் எடுத்துத் தரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப் செய்யும் பெண் அவர். கறுப்பு அபாயா, மூக்கு நுனியில் கண்ணாடி. எதையும் முணுமுணுத்து வாசித்த பிறகே விரலை வைப்பார்.

கடலரிப்பில் பாதிக்கப்பட்ட ஒன்பது குடும்பங்களின் மனுவைக் கொடுத்தேன். முதலாம் இலக்கத்தில் என் பெயர். ஒன்பதாவது, வீடே கடலுக்குள் போய்விட்ட ஒரு விதவை.

வாசித்தவர் தாளை மேசையில் அடித்தார்.

"உங்கட ஊடு நிக்குதா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஓம். மதில்தான் விழுந்த."

"அப்ப ஆரு உங்களுக்கு ஒண்டாம் இலக்கம் தந்த? இலக்கத்தக் கண்டா ஒபிஸ்ல மேல உள்ள ரெண்டு பேருக்குக் குடுத்திட்டு பைலை மூடிருவாங்க."

"மனு என்ட. சொன்னதை அடிங்க!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. பெயர்களுக்கு முன்னால் வெறும் புள்ளிகளை வைத்தார். கோரிக்கைகளுக்கு மட்டும் இலக்கமிட்டார்.

"இதுக்கு இலக்கம் வேணும். எதுக்குப் பதில் இல்லையெண்டு நாளைக்குக் கேக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கையொப்பமிட்டேன்.

மனுவைக் கொண்டுபோன அலுவலகத்தில் அதிகாரி பெயர்களைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஆருக்குச் செய்யணும்?" என்று கேட்டார். அந்த விதவையின் பெயரை நானே சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் எந்தக் கடதாசியையும் அவரிடம்தான் கொண்டுபோகிறேன்.