சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு நீலக் கடல்

நான் அலங்காரக் கல் ஒட்டும் அபாயாக் கடைக்கு இன்றைக்கு என் சாச்சியின் மகள் ஸப்னாவின் தமிழ் டீச்சர் வந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன கிழமை, வகுப்பில் படித்த நாவலின் கடைசிக் காட்சியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் செய்து வரச் சொன்னவர் இவர்தான். அதற்கு மார்க்ஸ் உண்டாம். ஸப்னா பெட்டியையும் நாவலையும் என்னிடம் தந்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆசையில் முழு நாவலையும் வாசித்துத்தான் செய்தேன். கடலுக்குக் கடையில் மிஞ்சிய நீலக் கற்களை ஒட்டினேன்.

அவை இந்த டீச்சரின் அபாயாவுக்கு ஒட்டி மிஞ்சியவை என்பது, அவர் பில் துண்டை நீட்டியபோதுதான் தெரிந்தது.

டீச்சர் அபாயாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகள், நீங்க ஸப்னாட சொந்தந்தானே? அவட பெட்டி நல்ல வடிவு. ஒரு பிழைதான். கடைசியில அந்தப் பிள்ள கடலத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறா? இவ வீட்டுப் பக்கம் திருப்பி வெச்சிருக்கா."

ஆட்களோடு கதைக்கவே வெட்கப்படுகிற எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ!

"இல்ல டீச்சர், உம்மா கூப்பிட்ட உடன அவ திரும்பிட்டாதானே!"

"ஓம், ஓம்" என்று சிரித்தபடி டீச்சர் அபாயாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஸப்னா விடாமல் போனில் கோல் எடுக்கிறாள். நான் எடுக்கவில்லை.

நாவலைப் படிப்பிக்கிற டீச்சருக்கே கடைசிப் பக்கம் மறக்குமா? நீங்களே சொல்லுங்கள்.