சைமி பெயரிடாத போர்

கோர்பியார்வியில் எந்தக் கூட்டம் நடந்தாலும், அதில் காபி ஊற்றியவர் சைமி கைஸ்லா. தொழிலாளர் மன்றத்தின் மே தினக் கூட்டத்திலும் அவர்தான். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த விவசாயிகள் மன்றத்தின் அறுவடை விருந்திலும் அவர்தான். அந்தச் சாலை அகலமானதன்று. ஆயினும் 1918-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு அதைக் கடந்து இரண்டு மன்றங்களுக்குள்ளும் தயக்கமின்றி நுழைந்தவை சைமியும் அவருடைய ஏலக்காய் ரொட்டியும் மட்டுமே.

இந்த நடுநிலைமை தற்செயலாக அமைந்ததன்று, திட்டமிட்டுக் காக்கப்பட்டது. எங்கள் ஊரில் கூட்டுறவுக் கடைகளும் இரண்டு. ஒருவர் எந்தக் கடையின் பையைத் தூக்கிச் செல்கிறார் என்பதைப் பார்த்தே, அவர் யாருக்கு வாக்களிப்பார் என்று சொல்லிவிடலாம். சைமி காபித்தூளைத் தொழிலாளர் கடையிலும் சர்க்கரையை விவசாயிகள் கடையிலும் வாங்கினார். இரண்டு பைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, தெரு நடுவே நிமிர்ந்து நடப்பார்.

அவரிடம் எல்லோரையும் வியக்கவைத்தது மற்றொன்று. பின்லாந்து முழுவதும் அந்த வசந்தகாலத்துப் போரை ஆளுக்கொரு பெயரால் அழைத்தது. வெள்ளைப் படையின் பக்கம் நின்ற பண்ணையார்களுக்கு அது விடுதலைப் போர். கோபம் வந்தால் கலகம். சிவப்புப் படையின் பக்கம் நின்ற ஆலைத் தொழிலாளருக்கு அது வர்க்கப் போர். பாதிரியாருக்குச் சகோதரப் போர். வானொலியில் பேசிய பேராசிரியர்களுக்கு உள்நாட்டுப் போர். வாயைத் திறந்து பெயரைச் சொன்னால் போதும், குலம் கோத்திரம் எல்லாம் வெளிவந்துவிடும். சைமி மட்டும் எந்தப் பெயரையும் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து ஒன்றை வரவழைக்க இரு மன்றத்தாரும் பலவாறு முயன்றனர். "உங்க தம்பி எதுல செத்தான், சைமி?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். "காட்டுல" என்று சொல்லிவிட்டு, சைமி அவருடைய கோப்பையை நிரப்பினார்.

தம்பி ஆர்வோவுக்கு அப்போது பதினான்கு வயது. ஹிர்வெலா பண்ணையில் மாடு மேய்த்தவன். இரு படைகளுக்கும் நடுவே தப்பியோடிய பசுவைத் தேடிப் போனவன் திரும்பவில்லை. காட்டில் எந்தக் குழியில் அவனைப் புதைத்தார்கள் என்பதும் தெரியவில்லை. பசு மட்டும் மாலையில் தானாகவே வந்து சேர்ந்தது.

ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோது, இரு தரப்பில் இறந்தோருக்கும் பொதுவாக ஒரு நினைவுக்கல் நிறுவ ஊராட்சி முடிவு செய்தது. அதற்கான குழுவில் வெள்ளைத் தரப்புக்குப் பண்ணையார் குஸ்தா ஹிர்வெலாவும், சிவப்புத் தரப்புக்கு ஆலைத் தொழிலாளி நெஸ்தோரி பாலோவும் உறுப்பினர்கள், பள்ளி ஆசிரியரான நான் செயலாளர். ஒவ்வொரு தரப்பும் தன் இறந்தோர் பட்டியலைத் தர வேண்டும் என்பது விதி. ஆர்வோ கைஸ்லாவின் பெயர் இரண்டு பட்டியல்களிலும் இல்லை. சைமி தம் வாழ்நாளில் பிறரிடம் கேட்டது ஒன்றே: தம்பியின் பெயர் அந்தக் கல்லில் இருக்க வேண்டும்.

குழுவோ கல்லின் தலைப்பில் போரை எந்தப் பெயரால் எழுதுவது என்பதைத் தாண்டவில்லை.

"கலகம்னு சொன்னா உனக்கு ஏன்யா குத்துது, நெஸ்தோரி? பண்ணினது நீங்கதானே?"

"ஏன் பண்ணினோம்னு கேளும், பண்ணையாரே. எங்க வீட்ல மரப்பட்டையை இடிச்சு மாவுல கலந்து ரொட்டி சுட்டோம். உங்கப்பா கிடங்குல தானியம் முட்டிக்கிட்டு நின்னுச்சு."

"கிடங்குல நின்னது எலி. ருஷ்யாக்காரன் துப்பாக்கி கொடுக்கலைன்னா நீங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"உங்களுக்கு ஜெர்மன்காரன் கொடுத்தான். அது இன்னும் நல்ல துப்பாக்கி. சரக்கு பார்த்து வாங்குறதுல பண்ணையாருங்களை மிஞ்ச முடியுமா?"

அவர்கள் முன்வைத்த பெயர்களுள் எதுவாயினும் எங்கள் மொழியில் அதனை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுத வேண்டும், பிரித்து எழுதினால் பிழை என்பது மட்டுமே அந்த விவாதத்தில் என்னால் ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்ட முடிந்த உண்மை.

மறுநாள் காலையில் கல்தச்சர் வாசகத்தை வாங்க வருவார் என்ற நிலையில் கடைசிக் கூட்டம் கூடியது. சைமி ரொட்டித் தட்டை மேசையில் வைத்தார். சூடு ஆறாமலிருக்கக் கம்பளித் தொப்பி போட்டிருந்த காபிக் கூஜாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தார். அவர் கூட்டத்தில் அமர்ந்து நான் கண்டது அதுவே முதல் முறை.

"ஊத்தலையா, சைமி?" என்றார் குஸ்தா.

"ஊத்தலாம். ஆர்வோ எந்தப் பட்டியல்ல இருக்கான்னு சொல்லுங்க, ஊத்தறேன்."

காபியில்லாக் கூட்டம் எங்கள் ஊரில் கூட்டமாகவே கருதப்படாது. இருவரும் திகைத்துப்போயினர்.

"அவன் ஆலைப் பக்கமா ஓடினான். உளவு சொல்லத்தான் போனான். நெஸ்தோரி ஆளு" என்றார் குஸ்தா.

"அவன் பண்ணையில வேலை பார்த்தவன். தூது போனான். பண்ணையார் ஆளு" என்றார் நெஸ்தோரி.

"அவன் முஸ்திக்கியைத் தேடிப் போனான். அது பசு" என்றார் சைமி.

"அதுக்கில்ல, சைமி. 'தம் கொள்கைக்காக வீழ்ந்தோர்'னு போடறதா பேச்சு. அவனுக்கு என்ன கொள்கை?" என்றார் குஸ்தா.

"கொள்கை பசுவுக்குத்தான் இருந்துச்சு. வேலிக்கு எந்தப் பக்கமும் நிக்க மாட்டேன்னு." சைமி கூஜாவின் தொப்பியைச் சற்றே உயர்த்தி மீண்டும் அழுத்தினார். காபியின் மணம் மேசை முழுவதும் பரவியது. "அம்பது வருஷமா ரெண்டு பேரும் அவனை அந்தப் பக்கம் தள்ளிவிடறீங்க. நம்ம ஆளுதான் சுட்டிருப்பானோன்னு ரெண்டு பேருக்கும் பயம். யார் சுட்டான்னு நான் கேட்கல. கல்லுல அவன் பேரைத்தான் கேட்கறேன்."

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் இறங்கிவந்தவர் நெஸ்தோரி. "சரி, எங்க பட்டியல்ல எழுதுங்க, டீச்சர். கூலிக்காரன் மகன்தானே."

"அதெப்படி?" என்று குஸ்தா எழுந்தார். "கூலி கொடுத்தது எங்கப்பா. மாடும் எங்க மாடு. எங்க பட்டியல்ல எழுதுங்க."

"இப்பத்தானேய்யா உளவாளின்னீர்!"

"மனசு மாறிட்டேன். மனுஷன் மாறக்கூடாதா?"

"மனுஷன் மாறலாம். பண்ணையார் மாறி நான் பார்த்ததில்ல. எல்லாம் காபி வாசனை பண்ற வேலை."

அரை நூற்றாண்டாக எவருக்கும் வேண்டாதவனாக இருந்த ஆர்வோவை இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பதுபோல் வாதாடினர். போரின் காரணங்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கின: மரப்பட்டை, எலி, ருஷ்யன், ஜெர்மானியன்.

"ரெண்டுலயும் எழுதுங்க" என்றார் சைமி.

நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. "ஒரே கல்லுல ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா பிழை, சைமி."

"பிழைதான், டீச்சர். பிழைன்னு தெரியட்டும்னுதான் சொல்றேன்."

நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திய கையால், அந்தப் பிழையை நானே தெளிவான எழுத்தில் எழுதினேன். தலைப்பைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை. ஆண்டு மட்டும் போதும் என்று இருவரும் ஒரே குரலில் கூறினர். அக்குழு ஒருமனதாக முடிவு செய்தது அது ஒன்றையே. அதற்குள் சைமி கூஜாவின் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

கல் மே மாதத்தில் திறக்கப்பட்டது. மேலே ஆண்டு, கீழே இரண்டு வரிசைப் பெயர்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் இரண்டு வரிசைகளையும் பொறுமையாகப் படித்துவிட்டு, சைமியிடம் வந்தார்.

"ஆர்வோ கைஸ்லான்னு ரெண்டு பேர் இருக்கே, அம்மா. எதிரெதிர் பக்கம் நின்னாங்களா? சித்தப்பா, பெரியப்பா பிள்ளைங்களா?"

"இல்லீங்க, ஃபாதர். ஒருத்தன்தான்" என்றார் சைமி. "ரெண்டு பக்கமும் சேர்ந்துதானே சுட்டாங்க."

குஸ்தா அவசர அவசரமாகத் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார், மழை பெய்யவில்லை. நெஸ்தோரி தம் காலணி நாடாவைக் கட்டக் குனிந்தார். அன்று அவர் அணிந்திருந்தது நாடா இல்லாத காலணி.