உயராக் பிரித்த வீடு

கிழவர் உயராக், மூடப்பட்ட ராடார் நிலையத்துப் பலகைகளிலிருந்து பச்சைப் பெயிண்டைச் சுரண்டிப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார். ராணுவம் அதைக் கட்டியபோது இருபது வயதில் அங்கே சுமை தூக்கியவர். இப்போது அறுபதைத் தாண்டி, அதையே பிரித்துக் கப்பலேற்றும் வேலை. பெயிண்டில் விஷம் என்று வெள்ளை உடுப்பும் முகமூடியும் கொடுத்திருந்தார்கள்.

"உன் வீடும் இதே பச்சைதானே? ராத்திரி முகமூடி போட்டுக்கிட்டா பொண்டாட்டி பக்கத்துல படுக்கிறே?" என்றான் கூட வேலை செய்த ஜோனாசி. எல்லோரும் சிரித்தார்கள்.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பனிமண்ணில் மரம் முளைக்காது. நிலையத்தார் எறிந்த பலகைகளை நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் கொண்டுவந்து உயராக் கட்டிய வீடு அது. உள்ளே அவர் மனைவி எலிசப்பி நுரையீரல் புற்றோடு கிடந்தாள். அவளைத் துடைத்து, மருந்து கொடுப்பது ஊர் நர்ஸான என் வேலை. இளவயதில் காசநோய்க்காக அவளைத் தெற்கே தூரத்து நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது பெற்ற பிள்ளைக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. இனி தெற்கே போகமாட்டேன், இந்தச் சுவருக்குள்தான் சாவேன் என்று மட்டுமே கேட்டிருந்தாள்.

ஜோனாசியின் வாயை அடைக்க, உயராக் தன் சுவரிலிருந்து கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டி மேற்பார்வையாளரிடம் பரிசோதனைக்குக் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று வரும் என நம்பினார். நிலையத்தைவிட அதிக விஷம் என்று வந்தது.

விஷம் என்று தெரிந்துவிட்டால், விதிப்படி வீட்டைப் பிரித்து, நிலையத்துக் கழிவை ஏற்றப்போகும் இந்தக் கப்பலிலேயே ஏற்றியாக வேண்டும். விட்டால் கடல் உறைந்துவிடும். அடுத்த ஆகஸ்ட் வரை கப்பல் இல்லை. அவளுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம், பொறுங்கள் என்று கேட்டுப்பார்த்தேன். மேற்பார்வையாளர் வருத்தம் தெரிவித்துவிட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். மின்சாரமில்லாத கூடாரத்தில் அவளுடைய ஆக்சிஜன் இயந்திரம் ஓடாது. ஊரில் காலியறை கிடையாது. தெற்கே ஆஸ்பத்திரிதான் என்று முடிவாயிற்று.

அன்று மாலையே, பச்சை வீடு வைத்திருந்த இன்னும் இரண்டு பேர் சுவருக்கு நீலம் அடித்துவிட்டார்கள். அதில் ஒருவன் ஜோனாசி.

எலிசப்பி அழவில்லை. "சுவரு என்னை மெதுவாத்தான் கொன்னுக்கிட்டிருந்துச்சு. உனக்குத்தான் அவசரம், கெழவா" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளைத் துடைத்து, உடை மாற்றி, ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பெல்ட்டை மாட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். கையையும் சேர்த்துக் கட்டினேன். உயராக் வெள்ளை உடுப்போடு கிட்டே வந்தார். அந்த உடுப்போடு யாரையும் தொடக் கூடாது என்பது விதி, நான்தான் தடுத்தேன். அவளை ஏற்றிய விமானம் கிளம்பியதும் அவர் கடப்பாரையை எடுத்து, அவள் கட்டில் கிடந்த பக்கத்திலிருந்து முதல் பலகையைப் பெயர்த்தார். மறுமுனையைப் பிடித்தவன் ஜோனாசி.