ஹம்ஃப்ரி வார்டலின் தோள்துண்டு

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச்சரிவில் கொஞ்சம் நிலமும் நிறையப் பெருமையும் உடையவராக வாழ்ந்தவர் ஹம்ஃப்ரி வார்டல். போஸ்வொர்த் போரில் வென்று புதிய அரசர் முடிசூடிய சில ஆண்டுகளில், மாமனாரின் சிபாரிசால் அவருக்கு அரண்மனைப் பணி கிடைத்தது. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி, உணவுக்கு முன் பிரபுக்களின் கைகளில் கிண்டிச் செம்பால் நீர் வார்த்து, இடது தோளில் மடித்திட்ட வெண்துண்டை அவர்களுக்கு நீட்ட வேண்டும். அரசரின் கைக்கு நீர் வார்ப்பது அவரினும் உயர்குடியினரின் உரிமை. ஊரார் கேட்டபோதெல்லாம் இந்த வேறுபாட்டை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்.

கோடையில் தம் வீட்டுக் கூடத்தில் பயிற்சி நடக்கும். துண்டை முத்தமிட்டுத் தோளிலிட்டு, வெறும் நாற்காலியை வணங்கி வணங்கி நெருங்குவார்.

"ஏங்க, அந்த நாற்காலிக்குக் கெடைக்கிற கும்புடு எனக்கு ஒரு நாளாவது கெடைச்சிருக்கா?" என்பாள் மனைவி பார்னெல்.

"அரண்மனை வேலைடி. உனக்கென்ன தெரியும்?"

"தெரியுமே, தண்ணி ஊத்துற வேலை."

சில வேளைகளில் அந்த நாற்காலியில் ஏறி அமர்ந்து, அரசரைப்போல் கை நீட்டிச் சிரிப்பவள் அண்டை நிலத்துச் சிறுமி ஆவிஸ். திருமுழுக்கின்போது அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் அவர்தான்.

ஒரு பனிக்காலத்தில் ஆவிஸின் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. அந்நிலம் போருக்குக் குதிரையும் ஈட்டியும் அளிக்கும் கடமையோடு அரசரிடமிருந்து நேரே பெற்றது. அத்தகைய நிலத்தின் வாரிசு சிறுவயதினளாயின் நிலமும் குழந்தையும் அரசரின் காப்பில் சேரும். அரசர் அக்காப்பை எவருக்கும் விற்கலாம். வாங்கியவர் அவளைத் தாம் விரும்பியவனுக்கு மணமுடிக்கலாம். ஆகவே விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, அண்டை அயலார் பன்னிருவர் அது அரசருக்கு உரிமையில்லாத மடாலயத்து நிலம் என்று ஒரே குரலில் சத்தியம் செய்தனர். அப்போது அரண்மனையில் இருந்த ஹம்ஃப்ரியிடம், ஊர் திரும்பியதும் குழந்தையின் தாய் ஜோய்ஸ் எதையும் மறைக்கவில்லை.

"உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு அண்ணே? புள்ள எங்கூடவே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ என் புள்ளையும்தாம்மா. இது என் உசுரோட போகும்," என்றார் ஹம்ஃப்ரி. சொன்னபோது அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள், அவர் நீர் வார்த்துக்கொண்டிருந்தபோது பிரபு ஒருவர் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏன்யா வார்டல், உங்க ஊர்ல ஆடும் மழையும் தவிர வேற ஏதாச்சும் உண்டா? எல்லாரும் மடத்துச் சாமியார்கிட்ட கைகட்டி நிக்கிறவங்கதானே?"

மேசையே சிரித்தது. ஹம்ஃப்ரியின் காது சிவந்தது.

"அப்படி இல்லைங்க பிரபு! என் ஞானமக ஆவிஸோட நிலத்தையே எடுத்துக்குங்க. அதுல ஈயச் சுரங்கமே இருக்கு. மடமாவது ஒண்ணாவது! நேரா ராஜாவுக்கே ஈட்டி தூக்குற பரம்பரைங்க அது!"

"அப்படியா! புள்ளையோட அப்பா இருக்காரா?"

கிண்டியிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிரபுவின் கைகள் எப்போதோ கழுவி முடிந்திருந்தன.

"இல்லைங்க," என்றார் ஹம்ஃப்ரி.

வசந்தம் வருமுன் அப்பிரபு குழந்தையின் காப்பை அரசரிடமிருந்து வாங்கிவிட்டார். அழைத்துவரும் பொறுப்பும் ஹம்ஃப்ரிக்கே வந்தது. "உன்னைத் தெரிஞ்ச புள்ள, அழாம வரும்," என்றார் பிரபு.

வாசலில் சீருடையோடு நின்றவரைக் கண்ட ஜோய்ஸ் அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள். "எந்தப் பாவி காட்டிக் குடுத்தானோ தெரியலையே அண்ணே! நல்லவேளை, நீங்களாச்சும் வந்தீங்க. அங்க எங்களுக்காக எவ்வளவோ பேசியிருப்பீங்க."

உண்மையைச் சொல்ல அவர் வாய் திறந்தார். "குளிரா இருக்கு, புள்ளைக்குக் கம்பளி எடுத்துட்டு வாம்மா," என்ற சொற்களே வெளிவந்தன.

பொய்ச் சத்தியத்துக்காகப் பன்னிருவரும் அபராதம் கட்டினர். கட்டியவர்களில் சிலர் ஹம்ஃப்ரியிடமே வந்து, அரண்மனையில் தங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுமாறு வேண்டினர். அவர் தலையசைத்தார். கூடத்துப் பயிற்சி அந்த ஆண்டோடு நின்றது. காரணம் கேட்ட பார்னெலுக்கு முழங்கால் வலி என்றார். அவள் அதன்பின் அவரைக் கேலி செய்யவுமில்லை. ஜோய்ஸ் ஞாயிறுதோறும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்து, மகளை மறுபடி காணாமலே இறந்தாள்.

பிரபுவின் தம்பி மகனுக்கு மனைவியாகிவிட்ட ஆவிஸ், தாயின் கல்லறையைக் காண வந்தபோது வார்டல் வீட்டில் உணவருந்தினாள். அவளை அதே நாற்காலியில் அமர்த்தி, நரைத்த ஹம்ஃப்ரி தாமே துண்டைத் தோளிலிட்டு வந்து, மண்டியிட்டு நீர் வார்த்தார்.

"எங்க பெரிய மாமனாருக்கு விருந்துன்னா சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு," என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "தண்ணி ஊத்துற ஒருத்தர் ரோஷத்துல தன் ஞானமகளையே அவருக்குக் குடுத்த கதை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நானும் அங்கதான் உக்காந்திருப்பேன்."

அவர் கிண்டியைத் தரையில் வைத்தார். "அம்மாவுக்கு...?"

"நான் எழுதல. உங்களை நல்லவருன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. அதையும் எதுக்குக் கெடுக்கணும்?"

ஹம்ஃப்ரி தோளைத் தாழ்த்தித் துண்டை நீட்டினார். ஆவிஸ் ஈரக்கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ரொட்டியை எடுத்தாள்.