உப்பளத்துக் கால்வாயில் ஒரு படகுப் பாலம்

2005 செப்டம்பரில் நான் மரக்காணம் போனதற்குக் காரணம் சீனா. சென்னையில் பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை எனக்கு. பழங்காலச் சீனப் பாலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் தொடக்கத்தில் ஓடையின் குறுக்கே மரத்தடியைத்தான் போட்டிருக்கிறார்கள். சீனா போக வசதியில்லை. மரக்காணம் உப்பளத்தில் இன்றும் பனந்தடிமேல் நடந்து கால்வாயைக் கடக்கிறார்கள் என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

பாண்டிச்சேரியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணிப் பேருந்து, பன்னிரண்டு ரூபாய். இறங்கி இருபது நிமிட நடை.

பனந்தடி அங்கே இல்லை; முந்தைய நாள் மழைவெள்ளம் அதை அடித்துச் சென்றிருந்தது. அக்கரையில் மூடாத மூன்று உப்புக் குவியல்கள், இக்கரையில் கொட்டகை. வானம் மறுபடி கறுத்திருந்தது. அஞ்சலை என்பவரும் பதினொரு பெண்களும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் விளைந்த உப்பு அது. அதைக் கொட்டகைக்குக் கொண்டுவர, எக்கியார்குப்பத்து மீனவர் ஏழுமலையிடம் அஞ்சலை படகு கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்றி இறக்குவதற்குள் மழை வந்துவிடும் என்றார் ஏழுமலை.

சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சீன அரசர் மணப்பெண்ணை அழைத்துவர வெய் ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டாராம் என்று சொன்னேன். ஏழுமலை தயங்கினார். சுனாமிக்குப் பிறகு கிடைத்த புதுப் படகு. அடி பிளந்தால் பிழைப்பு போய்விடும். குவியல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய், பங்காளிகளின் படகு இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

மழைத்தண்ணீர் வரும் பக்கம் மட்டும் நங்கூரம் போதும் என்றேன். அஞ்சலை தலையசைத்து மறுத்தார்.

"இப்ப தண்ணி அந்தப் பக்கமிருந்து வருது சார். மதியத்துக்கு மேல கடல் தண்ணி இந்தப் பக்கமா ஏறும். ரெண்டு பக்கமும் கட்டுங்க."

கட்டினோம். கொட்டகைப் பலகைகளைப் பரப்பினோம். பன்னிரண்டு பெண்களும் தலைச்சுமையோடு நடந்தார்கள். இரண்டரை மணிக்கு நீர் திரும்பியது. படகுகள் ஒருமுறை குலுங்கி நின்றன. என் யோசனைப்படி கட்டியிருந்தால் நடுவில் இருந்தவர்கள் கால்வாய்க்குள் விழுந்திருப்பார்கள். வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு மழை. இரண்டு குவியல்கள் தப்பின, மூன்றாவது கண்ணெதிரே கரைந்தது. கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது அஞ்சலை கேட்டார்: "கல்யாணம் முடிஞ்சதும் அந்த ராஜா பாலத்த என்ன பண்ணாரு?"

பிரித்துவிட்டார் என்றேன்.

"அப்ப மத்த ஜனம் எப்படிப் போச்சு?"

நான் படித்ததில் அது எங்கும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் ஜூன் வரை நல்ல காலம். நிழல் கிடையாது, குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வரப்பில் ஒருவர்தான் நடக்க முடியும். எதிரே சுமையோடு யாராவது வந்தால் நீங்கள் சேற்றில் இறங்கி வழிவிடுங்கள். முழங்கால்வரை ஆகும், கழுவினால் போய்விடும்.