மடிப்பு விழாத உறை

கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன் ஆண்டாள் குனிந்து, வட்டமாக நிற்கும் ஊசிகளின் வாயை ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்க்கிறாள். ஒன்று மூடிக்கொண்டிருந்தாலும் நூலைக் கவ்வாது. பின்னலின் கண்ணி நழுவி ஓட்டை விழும். “வாயத் தொற, வாயத் தொற” என்பாள், சோற்றுக்கு அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சொல்வது போல.

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்தில் ஓட்டு வீடு. முன்னறை மேசையில் பூட்டியிருக்கிறது அந்த இரும்பு இயந்திரம். முறுக்கு நாழிக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். புதுச்சேரியில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வந்தது. கால் போனவர்கள் செயற்கைக் காலைப் பொருத்துமுன் மொட்டைக் காலில் மாட்டிக்கொள்ளும் உறையை அதில் பின்னுகிறாள். தையல் இருந்தால் தோலை அறுத்துவிடும். இதுவோ ஒரே நூலில் சுற்றிச் சுற்றி, குழாய் மாதிரி, தையலே இல்லாமல் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். முனையை மட்டும் அவள் கையால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுவாள்.

ஒவ்வொரு ஊசியின் கொக்கிக்குக் கீழேயும் எறும்புக்கால் போல ஒரு நாக்கு. ஊசி எழும்பும்போது பழைய கண்ணி அந்த நாக்கைத் திறந்துவிட்டுக் கீழே போகிறது. கொக்கி புது நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டுத் தலைக்கு மேலே கழன்றுகொள்கிறது. யாரும் தொடுவதில்லை. இருந்தவரே கதவைத் திறந்து, வந்தவரை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவது போல. எத்தனை தடவை பார்த்தும் ஆண்டாளுக்கு இது அலுக்கவில்லை. சில நாள் வேலையே இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

மகள் கயல்விழி ஒருநாள் போனில் படித்துச் சொன்னாள். நானூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு பாதிரியார்தான் காலுறை பின்னும் முதல் பொறியைச் செய்தாராம். அதன் ஊசிக்கு நாக்கு கிடையாது. வளைந்த கொக்கியை ஒவ்வொரு தடவையும் ஒரு தகடு வந்து அமுக்க வேண்டும். நாக்கு முளைக்க இன்னும் இருநூற்றைம்பது வருடம் ஆயிற்றாம். கையால் பின்னுகிறவர்கள் பிழைப்பில் மண் விழும் என்று ராணி அவருக்கு உரிமம் தரவில்லை என்றொரு கதையும் உண்டு.

ஆண்டாள் கைப்பிடியை நிறுத்தி யோசித்தாள். “ராணி சொன்னதும் ஞாயந்தான். கால் இருக்கறவங்களுக்குத்தான் காலொறன்னு நெனச்சிருக்கும், பாவம். ஆனா இந்த நாக்க வச்சான் பாரு, அவன் கைய எடுத்து கண்ணுல ஒத்திக்கணும்டி.”

இதற்கு முன் அவள் பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள். சூளையில் மண் சுருங்கும். அதனால் எதையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே வார்ப்பது பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊர்க் கைகளில் ஊறிய பழக்கம். பெண்ணாடம் தங்கராசுவுக்கு முதல் உறை பின்னியபோது கை அந்தக் கணக்கையே போட்டுவிட்டது. துவைத்தால் சுருங்கிவிடும் என்று பெரிதாகப் பின்னினாள். நூல் மண்ணைப் போல் சுருங்கவில்லை. செயற்கைக் காலுக்குள் உறை மடிந்து, மடிப்பு தோலைத் தின்றுவிட்டது.

தங்கராசு கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். புண் ஆறும்வரை கக்கத்தில் கட்டை. ஆலையில் அரவை தொடங்கப்போகிறது. கட்டை இல்லாமல் நடந்து வந்தால்தான் சாவி, இல்லையென்றால் வேறு ஆள் என்று வண்டி முதலாளி சொல்லிவிட்டார்.

ஆண்டாள் புது உறையைப் பின்னினாள், துவைத்தாள், காயவைத்து அளந்தாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். நேற்றுக் காலை தங்கராசு வந்தார். வாசலிலேயே ஆரம்பித்தார்.

“என்னா ஆண்டாளு, இந்தத் தடவ சாக்ஸா, கோணிப்பையா? என் காலயும் சூளையில வச்சி சுருக்கிடலாம்னு இருந்தியா?”

“நீங்க வெந்து வரதுக்குள்ள அரவ முடிஞ்சிடும்ண்ணா” என்றாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

உறையை மாட்டி, காலைப் பொருத்திக்கொண்டு, கட்டையைத் தொடாமல் தெருமுனை டீக்கடை வரை போய்வருவதாகக் கிளம்பினார். ஆண்டாள் வாசலுக்குப் போகவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாள். விட்ட இடத்திலேயே மறுபடியும் விட்டாள்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழற்றி, உறையை உரித்து மடியில் போட்டுக்கொண்டார்.

“வலிக்குதுங்களாண்ணா?”

“மரத்துப்போன மாதிரி இருக்குது. ஒண்ணும் தெரியல. நீயே பாரு. எனக்குப் பாக்க தைரியம் இல்ல.” முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆண்டாள் தரையில் உட்கார்ந்தாள். தோல் முழுக்க உறையின் அச்சு விழுந்திருந்தது, கண்ணி கண்ணியாக, வரிசை வரிசையாக. ஆறிய தழும்பின் மேலும் வரிசை கோணாமல் ஏறி இறங்கியிருந்தது. மடிப்பின் தடம் எங்கும் இல்லை, புண்ணும் இல்லை.

“என்னா, சொல்லு” என்றார் தங்கராசு, திரும்பாமலே.

அவள் ஆள்காட்டி விரலை ஒரு வரிசையின் மேல் வைத்துக் காலைச் சுற்றிக் கொண்டுபோனாள். சுற்றி வந்த விரல் தானாகவே அடுத்த வரிசையில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை.