பிக்கப்பின் முதுகில் ஒரு வீடு

அகதி முகாமை விட்டு ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட வீட்டுக்கு வந்திருந்தோம். விடுமுறைக்குப் போகிறவர்களின் வண்டிவீடுகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் என் கணவருக்கு வேலை. வண்டிவீடு என்றால் கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய பெட்டி. பெரிய பிக்கப் வண்டியின் திறந்த பின்தட்டில் அதை ஏற்றி, நாலு மூலையிலும் இரும்புக் கொளுக்கிகளை மாட்டி, முறுக்கி இறுக்குவார்கள். ஒரு சனிக்கிழமை அப்படி ஒன்றை மலைப்பக்கத்து ஊரில் ஒப்படைக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது.

"நீயும் வாவன், நாட்டைப் பார்க்கலாம்" என்றார். போனேன்.

புறப்படும்போது முதலாளி ஓடிவந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு நிப்பாட்டி, கொளுக்கியளை இன்னொருக்கா இறுக்கட்டாம். பாரம் அசைஞ்சு இளகுமாம்."

ஆனால் வழியில் இவர் நிறுத்தவில்லை. மத்தியானத்துக்கு முதல் வருவதாகச் சொல்லியிருந்தது, வெளிக்கிடவே பிந்திவிட்டது.

ஓட்டோபான் என்ற அதிவேகச் சாலையில் ஏறியதும், வளைவுகளில் வண்டி நிமிர்ந்த பிறகும் முதுகுப் பக்கம் இன்னொரு தரம் ஆடியது.

"இஞ்சேருங்கோ, பின்னால என்னவோ ஆடுது."

"காத்து."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு நீண்ட பாலம். அதில் ஏறியதும் பக்கக் காற்று அறைந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லொறி எங்களை முந்தியது. பெட்டி லொறிப் பக்கம் இழுபட்டு, பிறகு என் பக்கம் சரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முன் கொளுக்கி கழன்று, தகரத்தில் அடித்தபடி தொங்கியது.

"கொளுக்கி கழண்டுட்டுது! நிப்பாட்டுங்கோ!"

"பாலத்தில ஏலாது."

"விழப்போகுது!"

"சடாரெண்டு பிரேக் பிடிச்சாத்தான் விழும். நீ கண்ணாடியைப் பார்த்துச் சொல்லு, அது போதும்."

அக்சிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

"சரியுது... நிமிருது... இப்ப பரவாயில்லை..."

நடுவில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லு!" என்று அதட்டினார்.

சொன்னேன். பாலம் முடிந்து ஓரத்தில் நிற்கும்வரை சொன்னேன்.

பெட்டி நாலு விரல் பின்னுக்கு நகர்ந்திருந்தது. இவர் கையால் தள்ளிப் பார்த்தபோது உள்ளே தண்ணீர் சளசளத்தது. குழாய்களைச் சோதிக்கப் பட்டறையில் தண்ணீர்த் தாங்கியை நிரப்பியவர்கள் அதை வெறுமையாக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவு பாரமும் ஆடி ஆடித்தான் கொளுக்கியை இளக்கியிருக்கிறது. தாங்கியின் அடைப்பைத் திறந்துவிட்டு, தடுப்புக்கு அப்பால் புல்லில் நின்றோம். ஒவ்வொரு லொறி போகும்போதும் பெட்டி நடுங்கியது. தண்ணீர் வடிந்ததும் நாலு கொளுக்கிகளையும் மாட்டி, முழு உடம்பையும் கொடுத்து இறுக்கினார். அடுத்த வெளிவழியால் இறங்கி, சின்ன ரோட்டால், ஊருக்கு ஊர் நிறுத்திக் கொளுக்கிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனோம்.

வண்டிவீட்டின் சொந்தக்காரர் வாசலில் காத்திருந்தார். பிந்தியதற்கு முகம் சுளித்தவர், நடந்ததைக் கேட்டதும் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். அவருடைய மனைவி கோப்பி ஊற்றித் தந்தார். இவர் கோப்பையைத் தூக்கினார். அது தட்டில் கலகலவென்று அடித்தது. உடனே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கிடையில் செருகிக்கொண்டார்.

அந்த அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று, இவருடைய கோப்பியையும் நானே குடித்தேன்.